சாமியா, சிலையா, வழக்குச் சொத்தா?

லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு சிவலிங்கம் வழக்காடியது. கதையல்ல, 1980-களில் நடந்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பத்தூர் கிராமத்தில், சிதைந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலின் லிங்கம் அது. அது கேட்டது தன் கோயில் நடராசரை.

1976-ல் அந்தக் கோயில் மனையை ஒட்டிக் குடியிருந்த ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, மாட்டுக்கொட்டகை போடுவதற்காக மண் வெட்டினார். மண்வெட்டி உலோகத்தில் பட்டது. தோண்டத் தோண்ட நடராசரும் கூடவே வேறு சில திருமேனிகளும் வெளிவந்தன. வட்டாட்சியருக்குத் தகவல் போகவில்லை, தரகர்களுக்குப் போனது. சொற்பக் காசுக்கு விற்கப்பட்ட நடராசர் கை மாறி, கடல் தாண்டி, 1982-ல் லண்டனில் ஒரு கனடா நாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த நிறுவனம் பழுதுபார்க்க பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் வந்து கைப்பற்றியது.

வழக்கில் இந்திய அரசும் தமிழக அரசும் கோயிலின் தக்காரும் ஒரு பக்கம். கோயிலும் லிங்கமும் தனித்தனி உரிமைதாரர்களாகச் சேர்க்கப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சிக் கூண்டில் ஏறி, பத்தூரில் கிடைத்த மற்ற திருமேனிகளையும் இந்த நடராசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வார்ப்பு முறையை விளக்கினார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூடச் சாட்சிக்கு வந்தன. 1988-ல் நீதிபதி இயன் கென்னடி கோயில் பக்கம் தீர்ப்பளித்தார். 12-ம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டியவரின் பக்தி எண்ணம் இன்னும் அற்றுப்போகவில்லை, எஞ்சி நிற்கும் லிங்கத்தில் அது இருக்கிறது என்பது அவர் எடுத்த நிலை. 1991-ல் மேல்முறையீட்டிலும் கோயிலே வென்றது. நடராசர் விமானமேறி ஊர் திரும்பினார்.

ஊர் என்றால் பத்தூர் இல்லை. திருவாரூர் தியாகராசர் கோயில் வளாகத்தில் இருக்கும் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். சுற்றுவட்டாரத்து நூற்றுக்கணக்கான கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான திருமேனிகள் அங்கே கம்பிக் கதவுக்கும் பூட்டுக்கும் பின்னால், வரிசை வரிசையாக நிற்கின்றன. கோயிலில் வைத்தால் களவு போகும் என்று பயந்து சேர்த்து வைத்தவை. போலீஸ் காவல் உண்டு. பார்வையாளர் நேரம் கிடையாது, விளக்கப் பலகை கிடையாது.

பத்தூர் நடராசர் போன வழியைப் பார்த்தால் ஓர் அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாமே நினைவுக்கு வருகின்றன: கண்டெடுத்தல், பழுதுபார்த்தல், யாருடையது என்று நிறுவுதல், பத்திரப்படுத்துதல், காட்டுதல். இவற்றில் கடைசியாகச் சொன்னதை மட்டும்தான் நாம் இதுவரை மியூசியம் என்று எண்ணி வந்திருக்கிறோம். உலகமெங்கும் அருங்காட்சியகங்களை இன்று உலுக்கிக்கொண்டிருப்பது மற்ற நான்கும்தான். 'உங்களிடம் என்ன இருக்கிறது' என்று கேட்டு வியந்தவர்கள், 'அது உங்களிடம் எப்படி வந்தது' என்று கேட்கிறார்கள்.

செத்த காலேஜ்

சென்னைவாசிகள் எழும்பூர் மியூசியத்தை ஒரு காலத்தில் 'செத்த காலேஜ்' என்றார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. இரண்டும் முதலில் ஒரே வளாகத்தில்தான் இருந்தன. 1851-ல் தொடங்கிய மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் கூட்டம் சேர்க்க உயிருள்ள விலங்குகளையும் வைத்தார், அவை பின்னால் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. பாடம் செய்த பறவை, திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, கல்வெட்டு, நாணயம், அமராவதிப் பளிங்குச் சிற்பம் என்று கிடைத்ததையெல்லாம் ஓரிடத்தில் குவிப்பது அன்றைய முறை. இந்தியாவில் கல்கத்தா மியூசியத்துக்கு அடுத்துப் பழையது என்ற பெருமை எழும்பூருக்கு உண்டு. அந்தக் காலத்தின் அழுக்கும் உண்டு. அமராவதிச் சிற்பங்களில் ஒரு பெரும் பங்கு 1859-ல் கப்பலேறி லண்டன் போனது. 1885-ல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதியவர். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து அவர்களை வகைப்படுத்த முடியும் என்று நம்பியவர். மனிதரும் அவருக்குச் சேகரிப்பில் சேர்த்திதான்.

ஆனாலும் எழும்பூரின் செப்புத் திருமேனிகளை அந்தக் கணக்கில் அப்படியே சேர்த்துவிட முடியாது. அவற்றில் மிகப் பல, 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் கொண்டுவந்து சேர்த்தவை. மண்ணுக்கடியிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில், அதிலும் காவிரிப் படுகையில், மண்ணுக்கடியில் கிடைப்பது பெரும்பாலும் சாமி. 14-ம் நூற்றாண்டின் படையெடுப்புக் காலத்திலும் பின்னரும், ஆபத்து வந்தபோதெல்லாம் உற்சவ மூர்த்திகளைக் குழி வெட்டி, மணல் பரப்பி, படுக்கவைத்து மூடினார்கள். மூடியவர்கள் திரும்பி வரவில்லை. எடுத்தவர்கள் அறுநூறு எழுநூறு ஆண்டு கழித்து வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்களும் குளம் தூர்வாருகிறவர்களும்.

தஞ்சைப் பக்கம் இப்படிச் சிலை கிடைக்கும் நாளில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பொக்லைன் நிற்கும். யாராவது குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி மண்ணைக் கழுவுவார்கள். கழுவிய கையோடு விபூதியும் குங்குமமும் ஏறும், பூக்கடையிலிருந்து மாலை வரும், கற்பூரம் எரியும். வட்டாட்சியர் ஜீப் வருவதற்குள் அது சாமியாகியிருக்கும். 'எங்க ஊர்ல கிடைச்ச சாமி, எங்க ஊருக்குத்தான்' என்று பெண்கள் ஜீப்பை மறிப்பார்கள். அதிகாரிகள் பேசிப் பார்த்து, கடைசியில் போலீஸ் துணையோடு எடுத்துப் போவார்கள். தாலுகா அலுவலகத்தில் எடையும் உயரமும் குறித்துக் கருவூல அறையில் வைப்பார்கள். அங்கே அதற்கு ஓர் எண் கிடைக்கும். காலையில் சாமி, மாலையில் பொருள். திருட்டில் சிக்கி மீண்டதாக இருந்தால் இன்னொரு பெயரும் உண்டு: வழக்குச் சொத்து. கொலைக்குப் பயன்பட்ட அரிவாளுக்கும் சோழர் காலத்துச் சோமாஸ்கந்தருக்கும் கோர்ட்டில் ஒரே இனம்தான்.

பச்சைப் பொடி

மண்ணிலிருந்து எடுத்த செம்பு நோயாளி. மண்ணின் உப்பு உலோகத்தின் நுண்துளைகளில் இறங்கிக் குளோரைடாகத் தங்கியிருக்கும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரமும் பிராணவாயுவும் பட்டு அது விழித்துக்கொள்ளும். அமிலம் உண்டாகும், அமிலம் செம்பைத் தின்னும், தின்றதில் மறுபடி குளோரைடு உண்டாகும். வெளியே தெரிவது தோள்மூட்டிலோ கணுக்காலிலோ பொட்டுப் பொட்டாக வெளிர்ப்பச்சைப் பொடி. விரலால் தொட்டால் உதிரும். உதிர்ந்த இடத்தில் சிறு பள்ளம். இதை வெண்கல நோய் என்கிறார்கள். பல நூற்றாண்டு மண்ணுக்குள் தாக்குப்பிடித்த சிலை, சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் கவனிக்காமல் விட்டால் கண்முன்னே அரித்துப்போகும்.

எழும்பூரில் 1930-களில் இதற்கென்று ஓர் ஆய்வகமே எழுந்தது. இந்தியாவிலேயே முன்னோடியான முயற்சி அது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர், காரக் கரைசலில் சிலையை அமிழ்த்தி மெல்லிய மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியே இழுக்கும் முறையைக் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை வேதியியல் கண்கொண்டு ஆராய்ந்தவரும் அவரே. சிலைகளை எழும்பூருக்குக் கொண்டுபோனதைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். அந்தக் கரைசல் தொட்டி இல்லாமலிருந்தால் இன்று சண்டை போடுவதற்குப் பல சிலைகள் மிஞ்சியிருக்காது.

கோயிலில் இருக்கும் சிலைக்கு வேறு கதி. அபிஷேகத்தில் பாலும் தயிரும் பஞ்சாமிர்தமும் தினம் கழுவிப் போகும். விசேஷ நாளுக்கு முன்பு புளியும் விபூதியும் போட்டுத் துலக்குவார்கள், சில இடங்களில் சபீனாவும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் துலக்கியதில் மூக்கு மழுங்கி, கண் இமை மறைந்து, முகம் கூழாங்கல்போல வழுவழுப்பாகிவிடும். சிற்பக் கலை எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்கு வருத்தமில்லை. பூமிக்கடியில் தூங்கிய சிலையில் சிற்பியின் உளி தெரிகிறது, வழிபாட்டில் இருந்த சிலையில் ஆயிரம் வருஷத்துக் கைகள் தெரிகின்றன. எது பாதுகாக்கப்பட்டது, எது சேதமானது என்பது நாம் எதைத் தேடிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆனால் மியூசியம் ஒன்று தருகிறது, கோயில் தராதது. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1011-ல் செய்தது, 1950-களின் தொடக்கத்தில் மண்ணிலிருந்து வந்தது. சடையைப் பாம்புச் சுருளாகத் தலைப்பாகை போலக் கட்டி, ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே லேசாக மாற்றி நிற்கிறார். வலது கை அந்தரத்தில் மடிந்து எதன்மேலோ சாய்ந்திருக்கிறது. சாய்ந்திருந்த காளை கிடைக்கவே இல்லை. கோயிலில் இருந்திருந்தால் பட்டும் மாலையும் போக நமக்கு முகம் மட்டும் தெரிந்திருக்கும். அந்த இடுப்பின் ஒசிவும், இல்லாத காளையின் மீது ஒரு மாட்டுக்காரன் சாவகாசமாகக் கை போட்டு நிற்கிற தோரணையும் நமக்குத் தெரிய வந்தது மியூசியத்தில்தான். இதை ஒப்புக்கொள்ளாமல் 'எல்லாவற்றையும் கோயிலுக்கே கொடுத்துவிடுங்கள்' என்பது பாதி நியாயம்.

ஒரே மேடு, மூன்று காலம்

அருங்காட்சியகம் எப்படி மாறிவந்தது என்று தெரிந்துகொள்ள ஐரோப்பா போக வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரந்து கிடக்கும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு போதும்.

1876-ல் பெர்லினிலிருந்து டாக்டர் யாகோர் வந்தார். தோண்டினார். பானைகள், இரும்பு ஆயுதங்கள், மண்டையோடுகள் என்று எடுத்ததைக் கட்டிக்கொண்டு பெர்லின் போய்ச் சேர்ந்தார். யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1900-களின் தொடக்கத்தில், அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டினார். முதுமக்கள் தாழிகள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள், வெண்கல விலங்கு உருவங்கள் எல்லாம் எழும்பூருக்குப் போயின. பட்டியலும் அச்சானது. நாடு கடந்து போகவில்லையே என்று ஆறுதல்படலாம். ஆனால் ஆதிச்சநல்லூர்க்காரர் தன் ஊர்த் தங்கப் பட்டத்தைப் பார்க்க நெல்லையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும்.

2004-05-ல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன. முழு அறிக்கைக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, கோர்ட் படியேறவும் வேண்டியிருந்தது. தோண்டுவது எளிது, எழுதி வெளியிடுவது நம்மூர்த் தொல்லியலுக்கு எப்போதும் கசப்பு மருந்து. அதன்பின் 2020-ன் மத்திய பட்ஜெட்டில், அகழாய்வு நடந்த இடத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கும் ஐந்து ஊர்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2023-ல் குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டுத் திறந்தார்கள். தாழி எந்த மண்ணில், எந்தச் சாய்வில் புதைக்கப்பட்டதோ அங்கேயே இருக்கிறது. நாம் மேலே நின்று காலுக்குக் கீழே பார்க்கிறோம். பெர்லினுக்குக் கொண்டுபோன காலம், எழும்பூருக்குக் கொண்டுபோன காலம், எங்கும் கொண்டுபோகாத காலம்.

இடத்தில் இருப்பதால் என்ன லாபம்? தாழி தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் அது பெரிய பானை. நாலடி தள்ளி இன்னொரு தாழி, அதற்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்த குழி, சுற்றிலும் பயிருக்கு உதவாத சரளை மேடு, கொஞ்ச தூரத்தில் ஆறும் வயலும் என்று பார்க்கும்போதுதான், விளையும் நிலத்தை விட்டுவிட்டு விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கிய ஒரு சமூகத்தின் கணக்கு பிடிபடுகிறது.

கீழடி இதே யோசனையின் பெரிய வடிவம். 2014-15-ல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வு அது. கிடைத்த பொருள்களை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. பானை ஓட்டுக்காக மக்கள் கோர்ட்டுக்குப் போவது ஒரு தலைமுறைக்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாதது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. 2023 மார்ச்சில், சுமார் 18 கோடி ரூபாயில், செட்டிநாட்டு வீட்டின் சாயலில் அருங்காட்சியகம் எழுந்தது. முற்றம், தூண், சாய்கூரை. சுடுமண் குழாய், தாயக்கட்டை, நூல் நூற்கும் தக்களி, பாசிமணி, 'ஆதன்' என்று கீறிய பானை ஓடு. விடுமுறை நாளில் போனால் வேன் வைத்துக்கொண்டு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும், வீட்டோடு வந்த கிராமத்துக்காரர்களும் நெரிவார்கள். 'இதே மாதிரித் தக்களி எங்க ஆத்தாகிட்ட இருந்துச்சு' என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்வதைக் கேட்கலாம். எழும்பூரில் இந்தப் பேச்சு காதில் விழுந்ததில்லை. அங்கே வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். கீழடியைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் '2,600 ஆண்டு' என்ற எண் முழங்குகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டு மாதிரி, அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580-ஐ ஒட்டிய காலம் என்று வந்தது. அந்த ஆழம், அந்த மண் அடுக்கு, அந்தக் கரித்துண்டு ஏன் அந்த அடுக்குக்குச் சாட்சியாகிறது, மேல் அடுக்குகளின் வயது என்ன என்பதெல்லாம் எண்ணைவிடச் சுவையானவை. பிள்ளைகள் பெருமையோடு மட்டும் வீடு திரும்பினால் நாளை வேறொருவன் வேறோர் எண்ணைச் சொல்லி அதைப் பிடுங்கிவிட முடியும். எண்ணைக் கண்டுபிடிக்கும் வித்தையோடு திரும்பினால் பிடுங்க முடியாது. மெய்நிகர்க் கண்ணாடி, தொடுதிரை, அசையும் படகு எல்லாம் இருக்கட்டும். ஒரு மண் அடுக்கை வெட்டி நிறுத்திப் படித்துக் காட்ட ஓர் ஆளைப் போடுவது அதைவிடச் செலவு குறைவு.

சிலையே இல்லாத மியூசியம்

களவுபோன தமிழகச் சிலைகளை மீட்டதில் முதலிடம் எந்த மியூசியத்துக்கு என்று கேட்டால், நான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பைச் சொல்வேன். அங்கே ஒரு வெண்கலச் சிலைகூடக் காட்சிக்கு இல்லை. 1950-களின் நடுவிலிருந்து அவர்களுடைய ஆட்கள் கேமராவும் குறிப்பேடுமாக ஊர் ஊராகப் போனார்கள். யாருமே எட்டிப் பார்க்காத கோயில்களில்கூட, சாமியை வெளியே எடுத்துவைத்து முன்னும் பின்னும் படமெடுத்தார்கள். ஊர், கோயில், தேதி எழுதினார்கள். உருவ இலக்கண ஆராய்ச்சிக்காகச் செய்த வேலை அது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. பின்னாளில் அவை உலகத்தின் பெரிய மியூசியங்களைக் கூண்டில் ஏற்றும் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் உள்ள பிரகதீசுவரர் கோயில் வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்தது. 2006-வாக்கில் பூட்டை உடைத்துச் சிலைகளைக் கொண்டுபோனார்கள். களவு வெளியே தெரிந்தது 2008-ல். அதே 2008-ல் கான்பராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு சோழ நடராசரை வாங்கியது. பழைய பில், வெளிநாட்டில் முன்பே இருந்ததாக ஒரு கடிதம் என்று காகிதமெல்லாம் சுத்தமாக இருந்தது. 1994-ல் புதுச்சேரிக்காரர்கள் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படத்தில் அதே நடராசர். திருவாசியின் தீக்கொழுந்துகளையும் வார்ப்பின் மேடு பள்ளங்களையும் ஒப்பிட்டால் வேறு பேச்சுக்கு இடமில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டெல்லிக்குக் கையோடு கொண்டுவந்து ஒப்படைத்தார். கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022-ல் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டு தண்டனை பெற்றார்.

அந்த அடிக்குப் பிறகுதான் மேலைநாட்டு மியூசியங்களில் ஒரு புது வேலை முன்னுக்கு வந்தது: தங்கள் சொந்தப் பொருள்களையே சந்தேகிக்கும் வேலை. கான்பராக் கலைக்கூடம் 2021-ல் இன்னும் 14 பொருள்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் மியூசியம் 1967-ல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார், 1957-ல் கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் எடுத்த புதுச்சேரிப் படத்தோடு ஒத்துப்போவதாக ஓர் ஆய்வாளர் சொன்னார். மியூசியமே முந்திக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. 2024-ல் பல்கலைக்கழகம் திருப்பித் தரச் சம்மதித்தது. பத்தூருக்காகப் பத்தாண்டு வழக்காட வேண்டியிருந்த நாட்டில், வழக்கே இல்லாமல் ஒரு கடிதம். 2022-ல் உலக அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பு பிராகாவில் கூடி மியூசியத்துக்குப் புதிய இலக்கணம் எழுதி, அதில் சமூகங்களின் பங்கேற்பைச் சேர்த்தது. அந்த வாசகத்தைவிட ஆக்ஸ்போர்டின் கடிதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரிட்டிஷ் மியூசியமோ 1963-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, கொடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று அமராவதிச் சிற்பங்களோடு உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நம் பக்கம். ஒரு பிரெஞ்சு நிறுவனம் எடுத்த படம் இல்லையென்றால் இவற்றில் பலவற்றைக் கேட்க நமக்கு வாய் இருந்திருக்காது. ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு உண்டு. அதில் 'நடராசர் 1, அம்மன் 1, உயரம் இவ்வளவு' என்று இருக்கும். இந்த வரியை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக் கோர்ட்டிலும் எதையும் நிரூபிக்க முடியாது. தமிழ்நாட்டில் நடராசர் இல்லாத சிவன் கோயில் எது? இப்போது படத்தோடு கணினியில் ஏற்றும் பணி நடக்கிறது. நல்லதுதான், ஆனால் முன்பக்கம் ஒரே ஒரு படம் போதாது. பீடத்தின் அடிப்பக்கம், முதுகுப்புறம், முறிந்த விரல், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் வேண்டும். அடையாளம் அங்கேதான் இருக்கிறது. கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்துவிட்ட காலம் வேறு. 2022-ல் மதுரைக் கிளை போட்ட அந்த உத்தரவின் நோக்கம் சந்நிதியின் அமைதியும் பாதுகாப்பும். பக்தர்கள் பாட்டுக்கு எடுத்துத் தள்ளுகிற படங்கள்தான் சில ஊர்களில் சாமிக்கு ஒரே சாட்சி என்பதையும் யோசித்திருக்கலாம்.

திரும்பி வந்தவர்கள் எல்லாரும் பூட்டுக்குள் போகவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஆனந்தமங்கலத்தில் 1978-ல் களவுபோன இராமர், சீதை, இலக்குவன் 2020-ல் லண்டனிலிருந்து மீண்டபோது, 1958-ல் எடுத்த புதுச்சேரிப் படம்தான் அடையாளம் காட்டியது. 42 ஆண்டு கழித்து ஊர் கூடி வரவேற்றது. ஸ்ரீபுரந்தான் நடராசரோ வழக்குச் சொத்தாகக் கும்பகோணம் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் சட்டத்தில் இல்லை, கோயிலின் நிலைமையில் இருக்கிறது. அன்றாடம் விளக்கெரியும் கோயிலுக்குச் சாமியை அனுப்பலாம். குருக்களுக்குச் சம்பளமில்லாமல், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல், வௌவால் குடியிருக்கும் கோயிலுக்கு எப்படி அனுப்புவது? 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோயில் பாதுகாப்புக்கு 75 வழிகாட்டுதல்களை அடுக்கியபோது, கோயில்களிலேயே வலுவான காப்பறை கட்டச் சொன்னதும் அதில் ஒன்று. ஆயிரக்கணக்கான சிறு கோயில்களுக்கு அது எப்போது முடியும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

இடைவழி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. திருவிழாவுக்கு ஊரார் மனுக் கொடுப்பார்கள். செயல் அலுவலர் கையெழுத்துப் போட, பாதுகாப்பு மையத்திலிருந்து உற்சவர் வேனில் ஊருக்குப் போவார். போலீஸ் கூடவே போகும். அபிஷேகம், அலங்காரம், வீதியுலா முடிந்து மறுபடி மையத்துக்கு. உரிமை ஊருக்கு, காவல் மையத்துக்கு. வெளிநாட்டு மியூசியங்கள் மாநாடு போட்டு விவாதிக்கிற 'சடங்குக்குக் கடன் கொடுத்தல்' என்ற ஏற்பாட்டைத் திருவாரூரில் ஒரு வேனும் இரண்டு கான்ஸ்டபிள்களும் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள்.

குறை எங்கே என்றால், வருஷத்தில் மீதி நாட்களில். நெருக்கி நிற்கும் திருமேனிகளுக்குக் காற்றோட்டம் போதவில்லை, பச்சைப் பொடி பூக்கிறது என்ற புகார்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அது பூஜைக் குறைபாடு அல்ல, வேதியியல் குறைபாடு. அதற்கு வேண்டியது ஈரப்பதம் அளக்கும் கருவி, பொடி பூத்ததைப் பிரித்து வைக்கத் தனி அறை, பயிற்சி பெற்ற நாலு பேர், மாதம் ஒரு தடவை ஒவ்வொரு சிலையையும் பார்த்துக் குறித்துவைக்கும் ஒரு நோட்டு. கோடிக்கணக்கில் புது மியூசியங்கள் அறிவிக்கும் அரசுக்கு இது சில்லறைச் செலவு. திறப்பு விழாவும் ரிப்பனும் இல்லாத செலவு என்பதுதான் சிக்கல். வெண்கல நோய்க்கு வைத்தியம் தெரிந்தவர்களை 90 ஆண்டாக உருவாக்கி வந்த ஆய்வகம் எழும்பூரில் இருக்கிறது. அங்கிருந்து திருவாரூர் ஓர் இரவு ரயில் பயணம்.